காந்தம் இழுத்த தோணி

சேசு மரி சூசை துணை

வேம்பார்,
12-2-1976.

அருமை மகள் ஹில்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தப் பனி தேசத்தில் இருமல் சளி இல்லாமல் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் அக்கா பிலோமிக்குப் பெண் பிள்ளை பிறந்த தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். தந்தியில் நாலு வார்த்தைக்கு மேல் என்ன சொல்ல முடியும். பிள்ளைக்குத் தலை நிறைய முடி, அழுதால் கோயில் வரைக்கும் கேட்கிறது, தூங்கும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வது நீ சின்னதில் செய்ததேதான். கார்த்திகை மாதத்தில் வீட்டிலிருந்து வந்த கடிதங்கள் ஏன் அவ்வளவு சின்னதாக இருந்தன, அப்பா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். அப்போது எழுதியிருந்தால் பாதிச் சேதிதான் எழுதியிருப்பேன், மீதிப் பாதியை நினைத்து நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுதிருப்பாய். இப்போது முழுவதும் எழுதுகிறேன். பிள்ளை தூங்குகிறது, குசினியில் வேலை முடிந்தது, மத்தியானக் காற்று கடலிலிருந்து வரத் தொடங்கிவிட்டது.

பிலோமியின் முதல் பிள்ளையை நீ மறந்திருக்க மாட்டாய். நீ அப்போது நர்சுப் படிப்பில் இருந்தாய், அடக்கத்துக்குக்கூட உன்னால் வர முடியவில்லை. பக்கத்து வீட்டு மருத்துவச்சி சீனித்தாய் பேறு பார்க்கும் அந்த ஓட்டு அறையில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்தான் நின்றேன். சீனித்தாய் எட்டிப் பார்க்கிற இடத்தில் எல்லாம் அவள் நிழலே விழுந்தது. பிள்ளை இருட்டில் வந்து இருட்டிலேயே போய்விட்டது. கரண்டுக் கம்பம் நட்டவர்கள் பெரிய தெருவோடு நிறுத்திவிட்டார்கள், உப்பளத்துப் பக்கம் இருக்கிற நம் தெருவுக்கு இன்றுவரை வரவில்லை. பிறகு நீ ஜெர்மனிக்குப் போன புதிதில் எழுதின கடிதத்தில் உங்கள் பிரசவ அறை விளக்கைப் பற்றி எழுதியிருந்தாய், அதன் கீழே நம் கையின் நிழல்கூட விழாது அம்மா என்று. நான் வாசித்துக்கொண்டே போனேன், அப்பா அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து காற்றில் கரண்டு எடுத்துச் சீனித்தாய் அறைக்கு விளக்கு போடுவதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பு இல்லை. பிலோமி மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்த நினைப்புக்குக் கால் கை முளைத்துவிட்டது.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் அத்தனை வருஷம் சாமான் தூக்குகிற விஞ்சும் மோட்டாரும் பார்த்த மனிதர், வேலையிலிருந்து நின்ற பிறகும் கை சும்மா இருக்காது. முதலில் ஒரு பழைய லாரி டைனமோவை வாங்கி வந்து கம்பத்தில் ஏற்றி விசிறி கட்டிப் பார்த்தார். அது லாரி ஓடுகிற வேகத்துக்குச் செய்தது, நம் காற்றுக்கு அது தூங்கிவிட்டது. அதோடு அந்த டைனமோவுக்கு உள்ளே காந்தம் கிடையாதாம், பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்டு கொடுத்தால்தான் அது காந்தமாகுமாம். சம்பாதிக்கும் முன்னே சோறு கேட்கிற ஆள் நமக்கு எதுக்கு ஏளா, தீனி கேட்காத காந்தம் வேணும், நல்ல பலமான காந்தம் என்றார். சாப்பிடும்போதும் காந்தம், பூசைக்கு நடக்கும்போதும் காந்தம். ரேடியோவிலிருந்து கழற்றின ஒரு சின்னக் காந்தத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ஒரு சாயங்காலம் அதைக் கடற்கரை மணலில் போட்டு எடுத்துக் காட்டினார், கறுப்பு மணல் மட்டும் தாடி மாதிரி அதில் முளைத்து நின்றது. இத்தனை காலம் அந்த மணலில் நடந்திருக்கிறேன், அதற்குள்ளே இப்படி ஒன்று காத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அலை வந்து காலை நனைக்கிறது, அவர் சின்னப் பிள்ளை மாதிரி அந்தத் தாடியைத் தடவிக்கொண்டு நிற்கிறார். அப்போது எனக்கும் கொஞ்சம் அந்தக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்.

ஐப்பசியில் அம்புரோஸ் மாமாவின் தோணி வெங்காயமும் வத்தலும் ஏற்றிக் கொழும்புக்குப் போனது. மாமாதான் தோணியை ஓட்டுகிற தண்டல், நம் பாஸ்கல் மாப்பிள்ளையும் அதில்தான் வேலை, உனக்குத் தெரியும். போகும்போது அப்பா பாஸ்கலிடம், கொழும்பில் பழைய இரும்புக் கடைகளில் சினிமாக் கொட்டகை ஸ்பீக்கரில் இருந்து கழற்றின காந்தம் கிடைக்கும், கறுப்பாக உளுந்த வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு இருக்கும், கிடைக்கிற மட்டும் வாங்கி வாங்க மாப்பிள்ளை, ஈரம் மட்டும் படாமப் பாத்துக்கிடுங்க என்று சொல்லி அனுப்பினார். பிலோமிக்கு வயிறு பெரிதாகத் தொடங்கியிருந்தது. இந்த ஒரு நடைதான், வந்ததும் பிள்ளை பிறக்கும் வரைக்கும் கரையிலேயே இருப்பேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனான்.

தோணி வரவேண்டிய நாளில் வரவில்லை. அதற்கென்ன, காற்று மாறியிருக்கும் என்று இருந்தோம். வானம் முழுக்க மூடிக் கிடந்தது, மழையும் இல்லை, வெயிலும் இல்லை, உப்பளத்துத் தண்ணீர் மாதிரி ஒரே சாம்பல் நிறம், சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. பிறகு இவர்களுக்குப் பின்னால் கொழும்பை விட்டுப் புறப்பட்ட தோணிகள் ஒவ்வொன்றாகத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன என்று கேள்விப்பட்டோம். நானும் அப்பாவும் பஸ் ஏறிப் போனோம். தோணித்துறையில் ஒரு தண்டல் எங்களைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அம்புரோசு எங்களுக்கு முந்தியே பாய் விரிச்சிட்டாரே அக்கா, இன்னுமா வரல என்றார். புயல் ஒன்றும் இல்லையே என்று அப்பா கேட்டார். காத்து நல்ல காத்துதான், வழிதான் தெரியாது, நட்சத்திரம் ஒண்ணுகூடக் கண்ணுல படல, காம்பாசை நம்பித்தான் வந்தோம் என்றார் அவர். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்து இரத்தம் இறங்குவதைக் கண்ணால் கண்டேன், ஹில்டா.

 வீட்டுக்கு வந்து அப்பா ஒரு கும்பாவில் தண்ணீர் ஊற்றி, என் தையல் ஊசி ஒன்றை எடுத்து மடியில் இருந்த காந்தத்தில் தேய்த்து, ஒரு தக்கைத் துண்டில் குத்தி மிதக்கவிட்டார். ஊசி மெல்லத் திரும்பி வடக்கே பார்த்து நின்றது. பிறகு அந்தச் சின்னக் காந்தத்தைக் கும்பாவின் பக்கத்தில் கொண்டு வந்தார். ஊசி வடக்கை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்துத் திரும்பியது. கையை எந்தப் பக்கம் கொண்டு போனாலும் அந்தப் பக்கமே வந்தது. இம்புட்டுக் காந்தத்துக்கே இப்படி, அங்கன ஒரு சாக்கு நிறைய இருக்கு, ஈரம் படக்கூடாதுன்னு சொன்னேன், காம்பாசுப் பக்கத்துல வைக்காதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன் ஏளா என்றார். நான் அந்தக் கும்பாவை எடுத்துக் கொல்லையில் ஊற்றினேன். அவரை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும், என்னால் முடியவில்லை. சோறு போட்டேன், தண்ணீர் வைத்தேன், பேச்சு மட்டும் வரவில்லை. பிலோமியிடம் நாங்கள் காந்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவளோ தினமும் கடற்கரைக்குப் போய் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி அப்பா உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள்.

அந்த நாட்களில் எனக்குப் பகலிலேயே கனவு வரும். வலையைப் பின்னிக்கொண்டு இருப்பேன், கண் மூடியிருக்காது, ஆனாலும் காண்பேன். கடல் உப்புப் பாத்தி மாதிரி அசையாமல் வெள்ளையாகக் கிடக்கிறது, தோணி பாயை விரித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் போகிறது, பாஸ்கலும் அம்புரோசும் பாய்மரத்தடியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு இருக்கிறார்கள், நான் கரையிலிருந்து கூப்பிடக் கூப்பிட அவர்கள் எனக்குக் கை காட்டிக்கொண்டே சின்னதாகிப் போகிறார்கள். பயமான கனவு என்று சொல்ல முடியாது. அவ்வளவு அழகாக இருந்ததுதான் எனக்குப் பயம். விழித்தால் விரலில் வலைக் கயிறு சுற்றியிருக்கும்.

இனி கடலில் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு பாஸ்கல் சொல்லித் தெரிந்ததுதான். ஈரம் படக்கூடாது என்று மாமனார் சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவன் தோணியிலேயே நல்லா காய்ந்த இடம் எது என்று தேடியிருக்கிறான். சுக்கானுக்கு முன்னால் காம்பாசுப் பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன மாடம் உண்டு, அலை அடித்தாலும் அங்கே ஒரு துளி போகாது. சாக்கை அதற்குள்ளே தள்ளிவிட்டான். கொழும்பை விட்டதும் வானம் மூடிக்கொண்டது. அம்புரோஸ் காம்பாசில் வடமேற்கு பார்த்துச் சுக்கானைப் பிடித்தார், தோணி தென்மேற்கே போய்க்கொண்டிருந்தது. கரை தெரியவேண்டிய நேரம் வந்தது, கரை இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போயிருக்கிறார்கள். தண்ணீர்ப் பீப்பாய் பாதிக்குக் கீழே இறங்கியது. அலையின் நிறமே வேறாகிவிட்டது, கடற்பறவைகள் ஒன்றும் இல்லை என்று பாஸ்கல் சொல்கிறான். அப்போது சமையல் பார்க்கிற பண்டாரி வெங்காயம் எடுக்க அந்த மாடத்துக்குள் குனிந்தவன் கையில் இருந்த கத்தியைச் சாக்கின் மேல் வைத்திருக்கிறான். திரும்ப எடுத்தால் கத்தி வரவில்லை. பலமாக இழுத்தால் கத்தியோடு சாக்கும் எழும்பி வருகிறது. பேயி பேயி என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். அம்புரோஸ் போய்ச் சாக்கைப் பார்த்தார், அதற்கு மேலே காம்பாசைப் பார்த்தார். ஏலே பாஸ்கல், அந்தச் சாக்கைத் தூக்கிக்கிட்டு அணியம் வரைக்கும் நட என்றார். பாஸ்கல் தூக்கிக்கொண்டு தோணியின் முன்முனைக்கு நடந்தான். தீவனக் கட்டோடு போகிறவன் பின்னால் ஆடு போகிற மாதிரி காம்பாசு முள் அவன் பின்னாலேயே கொஞ்சம் திரும்பியது, பிறகு விட்டுவிட்டது, ஆடி ஆடிக் கடைசியில் வேறொரு பக்கம் பார்த்து நின்றது. அதுதான் நிஜமான வடக்கு. இத்தனை நாளும் ஆளில்லாத பெருங்கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.  தோணியின் மரம் கிறீச்சிடுகிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

கடல்ல தூக்கிப் போடுங்க அந்தச் சனியனை என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். பாஸ்கலே தூக்கி எறியப் போனான். மாமா தடுத்துவிட்டார். நீ பயப்படாதே, அம்புரோஸ் மாமாவின் குணம் உனக்குத் தெரியுமே. வழியைக் கெடுத்த சாமானைச் சும்மா விடக்கூடாதுலே, உன் மாமனார் ரோச்சு கையில கொண்டு போய்க் குடுப்போம், இதை வச்சி என்னதான் செய்யுதான்னு பாப்போம் என்றாராம். பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்த சின்ன வள்ளத்தில் அந்தச் சாக்கை மட்டும் தார்ப்பாயில் சுற்றித் தனியாக ஏற்றிவிட்டார்கள். எதிர்க்காற்றில் பாயை மாற்றி மாற்றிக் கட்டி, இருந்த தண்ணீரைச் சிரட்டையில் பங்கிட்டுக் குடித்து வடக்கே வந்தார்கள். கடைசியில் கட்டுமரத்தில் போகிற இரண்டு பேரைக் கண்டு இது எந்தக் கரை என்று கத்திக் கேட்டால், பெரியதாழை, நீங்க எங்கன போறீங்க என்று கேட்டார்களாம். தூத்துக்குடிக்கு என்று இவர்கள் சொன்னதும் அந்த இரண்டு பேரும் சிரித்த சிரிப்பைப் போல இனிமையான சத்தத்தைத் தான் கேட்டதே இல்லை என்று பாஸ்கல் சொல்கிறான்.

தோணியைப் பெரியதாழையில் நங்கூரம் போட்டுவிட்டு மாமா இவனை மட்டும் முதலில் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார், பிள்ளைத்தாச்சி காத்துக் கிடப்பாள் என்று. உப்பளத்து வழியே ஒரு ஆள் தோளில் சாக்கோடு நடந்து வருவதைப் பிலோமிதான் முதலில் பார்த்தாள். ஓட முடியாத வயிறு, ஓடினாள். நான் அவளைப் பிடிக்க ஓடினேன். அப்பா மணலில் இருந்து எழுந்திருக்கவே இல்லை, முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பாஸ்கல் நேராக அவரிடம் போய்ச் சாக்கை இறக்கி வைத்து, ஒரு சொட்டு ஈரம் படல மாமா என்றான். குத்திக்காட்டுகிறானா, நிஜமாகத்தான் சொல்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறான், அவன் அப்படித்தான்.

அதன் பிறகு அப்பா அந்தச் சாக்கைத் தொடவில்லை. அறை மூலையில் கிடந்தது. பாஸ்கல் சாப்பிட உட்கார்ந்தால் இவர் எழுந்து வெளியே போய்விடுவார். ஸ்டிரைக் பண்ணுகிற ஆள் மாதிரி இருந்தார். எனக்கும் அந்தச் சாக்கைக் கண்டால் ஆகாது, கூட்டும்போது அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் கூட்டுவேன். கடைசியில் பிலோமிதான் ஒரு காலையில் சுவரைப் பிடித்து நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா, இவங்க சொல்லிட்டாங்க, ஆள் வந்து சேந்தாச்சி, இப்ப எனக்கு வெளிச்சம் வேணும், இன்னொரு பிள்ளையை நான் இருட்டுல குடுக்க மாட்டேன் என்றாள். அவர் அப்போதும் கையை நீட்டவில்லை. நான் போய்ச் சாக்கை அவிழ்த்தேன். எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கறுப்புத் தூண் மாதிரி இருந்தது, ஒன்றைப் பிரிக்க என் பலம் முழுக்க வேண்டியிருந்தது. பிரித்த காந்தத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதுதான் அத்தனை நாளுக்குப் பிறகு நான் அவரோடு பேசின பேச்சு.

வேலை நடந்ததைப் பற்றி அப்பாவே பக்கம் பக்கமாக உனக்கு எழுதுவார், நான் கொஞ்சம்தான் எழுதுகிறேன். பழைய கார்ச் சக்கரத்தின் அச்சில் இரண்டு இரும்புத் தட்டுகளை மாட்டி அவற்றில் காந்த வடைகளை வட்டமாக ஒட்டினார். தட்டுகள் எதிரெதிரே ஒன்றை ஒன்று பார்த்து இழுக்கும், நடுவில் விரல் மாட்டினால் நசுங்கிவிடும், அவருடைய இடது பெருவிரல் நகம் கறுத்து விழுந்தது அப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை, புதிது வளர்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கிற செம்புக் கம்பிச் சுருள்களை நான்தான் சுற்றினேன், வலை பின்னின கைக்கு அது பெரிய வேலை இல்லை. இறக்கைகளைத் தோணி கட்டுகிற அய்யாக்குட்டி ஆசாரி செதுக்கிக் கொடுத்தார். எல்லாம் முடிந்து கம்பத்தில் ஏற்றினால் சக்கரம் அசையவில்லை. நல்ல காற்று, தென்னை எல்லாம் சாய்கிறது, இது மட்டும் அடம்பிடித்து நிற்கிறது. கையால் தள்ளினால் ஒவ்வொரு இடத்திலும் டக் டக்கென்று பிடித்துக்கொள்ளும். கம்பிச் சுருளுக்கு நடுவே பலம் சேரட்டும் என்று அவர் இரும்புத் துண்டு வைத்திருந்தார், காந்தம் அந்த இரும்பை விடமாட்டேன் என்கிறது. தெருவே கூடி நின்று பார்த்தது. அப்பா ஏணியில் ஏறி இறங்கி, மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, இரும்பை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, சுருள்களை மட்டும் மெழுகில் பதித்து வைத்தார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் கோயில் வாசனை.

அதற்குள் பிலோமிக்கு வலி எடுத்துவிட்டது. நேரம் என்ன தெரியுமா, பட்டப்பகல், உச்சி வெயில், சீனித்தாயின் அறையில் ஓட்டுக் கண்ணாடி வழியாகச் சூரியன் நேராக உள்ளே விழுகிறது. விளக்கே தேவைப்படவில்லை. பிலோமியின் மகள் வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே பிறந்தாள். வெளியே அப்பா பாதி பூட்டின சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், கையெல்லாம் கிரீஸ், பிள்ளையை வாங்கக் கை இல்லாமல் என்னைப் பார்த்தார். நானும் அவரும் சிரிக்கத் தொடங்கினவர்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தோம்.

சக்கரத்தை மறுபடி ஏற்றின அன்று காற்றுகூட அதிகம் இல்லை. ஒரு இறக்கை கொஞ்சம் யோசித்தது, அடுத்தது யோசித்தது, பிறகு யாரோ தூக்கத்தில் புரளுகிற மாதிரி மெல்லத் திரும்பியது, அப்புறம் நிற்கவே இல்லை. வேகம் வந்ததும் இறக்கை கண்ணுக்குத் தெரியாது, அந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் ஆகாயத்தில் கரைந்து நிற்கும். கம்பத்தில் காதை வைத்தால் சங்குக்குள் கேட்கிற மாதிரி ஒரு முனகல். கீழே லாரி பேட்டரியில் கரண்டு சேர்கிறது, அங்கிருந்து வயர் சீனித்தாயின் அறைக்குப் போகிறது. காற்று மிஞ்சினால் சக்கரத்தை நிறுத்துகிற வித்தையையும் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மேலேயிருந்து வருகிற வயர்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் போதும், காற்றுக்குள் இருந்து யாரோ அதன் கையைப் பிடித்த மாதிரி தளர்ந்துவிடும். நான் இப்போது மீன் காயவைத்த கையோடு போய் அதைச் செய்துவிட்டு வருகிறேன்.

விளக்கு முதலில் உதவினது உப்பளத்தில் வேலை பார்க்கிற பகவதிக்கு. பொழுது மங்குகிற நேரத்தில் அவள் புருஷன் மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டு வந்தான், காலில் உப்புகூடக் கழுவவில்லை. பாஸ்கல் ஓடிப்போய்ச் சுவிட்சைப் போட்டான். வெள்ளையடித்த சுவர் முழுக்க வெளிச்சம் பரவியது. ஏ அண்ணாச்சி, என் கைரேகையே எனக்குத் தெரியுதே என்று சீனித்தாய் உள்ளேயிருந்து கத்தினாள். பிள்ளை நல்லபடி வந்துவிட்டது, அதற்குப் பிறகுதான் இரத்தம் நிற்கவில்லை. முதல் பிள்ளையின்போது பிலோமி பட்ட பாடு எல்லாம் என் கண் முன்னால் வந்துவிட்டது, ஹில்டா. ஆனால் இந்தத் தடவை சீனித்தாய்க்கு இடம் தெரிந்தது. எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்தாள், துணியை வைத்து அழுத்தினாள், அழுத்தின கையை எடுக்காமலே பாஸ்கலைச் சைக்கிளில் அனுப்பிப் பெரிய தெரு கம்பவுண்டரை வரவழைத்தாள், அவர் அந்த வெளிச்சத்திலேயே தையல் போட்டார். பகவதி பிழைத்துவிட்டாள். பிலோமி தன் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு என் தோளில் சாய்ந்து, முதல் பிள்ளைக்காக இத்தனை நாள் அழாத அழுகையை அழுதாள். நானும் அவளை நிறுத்தவில்லை.

மறுநாள் பகவதி வீட்டில் இருந்து ஒரு பெட்டி கருப்பட்டி வந்தது. அதைத் தின்றுகொண்டு முற்றத்தில் இருந்தபோது பாஸ்கல் அப்பாவிடம் போய், பிள்ளையோட ஞானஸ்நானத்துக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும் மாமா என்று கேட்டான். அப்பா காதில் விழாதவர் மாதிரி எழுந்து கம்பத்தடிக்குப் போய் வயரைப் பார்த்தார், பேட்டரியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். பாஸ்கலும் பின்னாலேயே போய் நின்றான். உங்க உயிரையே கொண்டு போய்த் தொலைக்கப் பாத்தவன் நான், என்னைப் போய் நிக்கச் சொல்லுதீங்களே மாப்பிள்ளை என்றார் அப்பா. பாஸ்கல் அவர் கையில் இருந்த துணியை வாங்கி வைத்தான். அங்கன தண்ணி கொறைஞ்ச அன்னிக்கு நான் உங்களைத் திட்டாத திட்டு இல்ல மாமா, எல்லாத்தையும் கடல்லயே திட்டி முடிச்சிட்டேன், கரைக்கு ஒண்ணும் கொண்டு வரல என்றான். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் இரண்டு பேருக்கும் சேர்த்து மீன் குழம்பு ஊற்றினேன், உப்பு கூடிவிட்டது, இரண்டு பேரும் நல்லா இருக்கு என்றார்கள்.

ஞானத்தாய் நீதான் என்று பிலோமி சொல்லிவிட்டாள். உன்னால் வர முடியாது என்று எங்களுக்குத் தெரியும், உனக்குப் பதிலாக நான் பிள்ளையைக் கையில் ஏந்தி நிற்பேன். சாமியாரிடம் கேட்டுவிட்டேன், ஞானஸ்நானத்தை உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் பெயர் நீதான் வைக்க வேண்டும். தாமதிக்காமல் எழுதி அனுப்பு, அதுவரை பிள்ளையை எல்லோரும் அவரவர் வாய்க்கு வந்தபடி கூப்பிடுகிறார்கள், அம்புரோஸ் மாமா காம்பாசு என்கிறார், அது நிலைத்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை வேலை என்று வெறுங்காப்பியோடு இருந்துவிடாதே. கம்பளி உடுத்திக்கொள். இராத்திரி வேலை முடிந்து தனியாக நடக்காதே, கூட வேலை பார்க்கிற பிள்ளைகளோடு போ. தேவதாயும் எல்லாப் புனிதர்களும் உன் பக்கத்தில் நின்று காக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறேன்.

உனக்கு ஆசீர் சொல்லும்
அம்மா பிளாரன்ஸ்

அப்பா இப்போதுதான் உள்ளே வந்தார். ஹில்டாவுக்கு என்ன எழுத என்று கேட்டேன், கையைத் துடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்றார். பிறகு தொட்டிலுக்குள் குனிந்து பிள்ளை மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்கிறார், தபால்காரர் வரும் நேரமாகிவிட்டது, அதனால் இதை ஒட்டுகிறேன்.